அலங்கார வாழை: கழுத்தைத் தேடி வெட்டுங்கள்

வணக்கம் நேயர்களே.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக வாழைக்கன்று பிரித்தபோது நான் கத்தியே எடுக்கவில்லை. தொட்டியில் இளஞ்சிவப்புக் காய் காய்க்கும் அலங்கார வாழை ஒன்று இருந்தது. அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று. இரண்டு கையாலும் பிடித்து, அப்படியும் இப்படியும் ஆட்டி, ஒரே இழுப்பு. கையோடு வந்துவிட்டது. பெருமையாக நட்டு, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். பத்து நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால் கொழகொழவென்று விரல் உள்ளே போகிறது, நாற்றம் வேறு. நான் பிடுங்கியது வெறும் மட்டைகளைத்தான். கன்றின் கிழங்கு தாயோடு தொட்டியிலேயே தங்கிவிட்டது.

வாழையை மரம் என்கிறோமே தவிர, அதில் மரம் எதுவும் இல்லை. தண்டு போல நிற்பது ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்ட இலை மட்டைகள். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. வேர் அதிலிருந்துதான் கிளம்புகிறது, இலையும் அதிலிருந்துதான். புது இலையை உண்டாக்கும் வளர்நுனி கிழங்கின் உச்சியில், தரை மட்டத்தை ஒட்டி இருக்கிறது. பூக்கும் நேரம் வந்தால்தான் அது மட்டைகளின் நடுவே மேலேறி வரும். பூத்துக் காய்த்ததும் அந்தத் தண்டின் ஆயுள் முடிந்தது. அதற்குள் கிழங்கின் பக்கவாட்டு முளைக்கண்கள் கன்றுகளாகியிருக்கும். ஆகவே நாம் பிரிப்பது கிழங்கை. மேலே தெரிவது போனாலும் பரவாயில்லை, இன்னொன்று வரும். கிழங்கில்லாத மட்டை எத்தனை பச்சையாக இருந்தாலும் பிழைக்காது.

இப்படிப் பிரிக்கத் தகுந்த அலங்கார வகைகள் பல. நான் சொன்ன இளஞ்சிவப்பு வாழைக்குத் தாவரவியல் பெயர் மூசா வெலுடினா. ஆள் உயரம்தான் வரும், காயின் தோல் வெல்வெட் போல இருக்கும், பழுத்ததும் தானே தோலை உரித்துக்கொண்டு நிற்கும். உள்ளே கறுப்பு விதைகள். கன்று விடுவதில் தாராளம், ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான் நல்லது. மூசா ஆர்னேட்டா என்று ஊதா கலந்த மடல் உள்ள வாழை, மூசா காக்சினியா என்று ரத்தச் சிவப்புப் பூ வாழை, இலையில் செந்நிறத் திட்டுகள் தெளித்த ஜெப்ரினா, இவையும் கன்று விடும். குளிரைத் தாங்குவது மூசா பாஸ்ஜூ. பனியில் இலையெல்லாம் கருகினாலும், மேலே மூடாக்குப் போட்டிருந்தால் கிழங்கு பிழைத்து மறுபடி தளிர்க்கும். ஜப்பானிய மொழியில் அந்த வாழைக்கு பாஷோ என்று பெயர். கவிஞர் மட்சுவோ பாஷோவின் குடிசைக்குப் பக்கத்தில் சீடர் ஒருவர் அதை நட்டுக் கொடுக்க, கவிஞர் அந்தப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார்.

சரி, கன்றுக்கு வருவோம். வானொலியில் படம் காட்ட முடியாது, வடிவத்தைச் சொல்கிறேன், மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஒரே தாயின் அடியில் இரண்டு விதமான கன்று வரும். ஒன்று, அடி பருத்து, மேலே போகப் போகக் கூம்பி, இலை ஒல்லியாக ஈட்டி முனை போல நீட்டிக்கொண்டிருப்பது. இதை ஈட்டி இலைக் கன்று என்பார்கள். இன்னொன்று, சின்ன வயதிலேயே அகலமான இலையை விரித்துக்கொண்டு, அடி மெலிந்து நிற்பது. இது நீர்க்கன்று. பார்வைக்கு நீர்க்கன்றுதான் அழகு, குட்டி வாழை மாதிரியே இருக்கும். கை அங்கேதான் போகும். ஆனால் அது தாயோடு சரியாக ஒட்டாத பிள்ளை. தாயிடமிருந்து உணவு போதவில்லை, அதனால்தான் அவசரமாக இலையை விரித்துத் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஈட்டிக் கன்றுக்கு அந்தக் கவலை இல்லை. தாய் ஊட்டுகிறது, கிழங்கு பெருக்கிறது, இலைக்கு அவசரம் இல்லை. எடுக்க வேண்டியது அதை. நீர்க்கன்று செத்துவிடும் என்று சொல்லவில்லை, தேறுவதற்கு ரொம்ப நாளாகும்.

எப்போது எடுப்பது? குட்டை வகைகளில் ஒரு அடி உயரமாவது வரட்டும், பெரிய வகைகளில் இரண்டு மூன்று அடி. எனக்கு உயரத்தைவிட அடிப்பருமன்தான் கணக்கு. கட்டைவிரல் மொத்தம் இருந்தால் விட்டுவிடுவேன், மணிக்கட்டு மொத்தம் வந்தால் யோசிப்பேன். தாயோடு ஒட்டியிருக்கிற ஒவ்வொரு வாரமும் கன்றுக்கு இலவசச் சாப்பாடு. அதை ஏன் நாம் நிறுத்த வேண்டும்? காலமும் முக்கியம். வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வாழை அநேகமாக வளர்வதையே நிறுத்திக்கொள்ளும். அந்த நேரத்தில் வெட்டினால் புண் ஆறாது, வேரும் விடாது, ஈர மண்ணில் கிழங்கு சும்மா கிடந்து அழுகும். கதகதப்பான காலத்தின் தொடக்கத்தில் எடுத்தால், வேர் பிடிக்க முன்னால் நிறைய நாள் இருக்கும்.

வேலைக்கு முந்தின நாள் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பழைய உடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். வாழைச் சாறு வடியும்போது தண்ணீர் மாதிரிதான் இருக்கும், காய்ந்ததும் பழுப்புக் கறை. எந்தச் சோப்புக்கும் அசையாது. இதை நல்ல சட்டை ஒன்றைக் காவு கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் உள்ள மண்ணைக் கையாலேயே விலக்குங்கள். மண்வெட்டி வேண்டாம், விரல் போதும். இரண்டு கிழங்கும் சேரும் இடத்தில் ஒரு ஒடுக்கம் தட்டுப்படும். அதைத்தான் நான் கழுத்து என்கிறேன். இந்தக் கழுத்தைக் கண்ணால் பார்க்காமல் கத்தியை இறக்கக் கூடாது. கன்றின் பக்கம் கயிறு போலத் தடித்த வெள்ளை வேர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சொந்த வேர் நாலைந்து இருந்தால் கன்று தயார். இல்லையென்றால் மண்ணை மறுபடி மூடிவிட்டு, ஒரு மாதம் வேறு வேலையைப் பாருங்கள். நான் அப்படி மூடிவிட்டுத் திரும்பி வந்த தடவைகள் நிறைய.

தரையில் இருக்கும் வாழையானால், கூரான மண்வெட்டியையோ கடப்பாரையையோ கழுத்தின் மேல் செங்குத்தாக வைத்து, சற்றே தாய்ப்பக்கம் தள்ளி, ஒரே அழுத்தாக இறக்க வேண்டும். பத்துத் தடவை கொத்தினால் கிழங்கு சிதையும், சிதைந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். பிறகு கன்றின் மறுபக்கம் மண்வெட்டியைக் கொடுத்து, வேரோடும் மண்ணோடும் நெம்பி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம், என் கதைதான் கேட்டீர்களே. தொட்டி வாழை இன்னும் சுலபம். தொட்டியைச் சாய்த்து முழு வேர்க்கட்டையும் வெளியே எடுத்து, தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்தால் கழுத்து பளிச்சென்று தெரியும். கத்தி சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு தாயிலிருந்து அடுத்த தாய்க்குப் போகும் முன்னால் கத்தியைக் கழுவி ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒரு தாயிடமிருந்து இரண்டு கன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். அதற்கும் புண்தானே. எடுத்த பள்ளத்தை நல்ல மண்ணால் நிரப்பிவிடுங்கள்.

இப்போது கன்று கையில். நடுவதற்கு முன்னால் கிழங்கை நன்றாகக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். இந்த இரண்டு நிமிஷத்தை யாரும் செலவழிப்பதில்லை, அதனால்தான் வலியுறுத்துகிறேன். வெட்டிய முகம் வெள்ளையாக, ஈரமாக இருந்தால் நல்லது. கறுத்த சுரங்கம் போலத் துளைகள் ஓடினால் கிழங்குக் கூன்வண்டின் புழு உள்ளே குடியிருக்கிறது. துளை ஓரத்தில் மட்டும் இருந்தால் வெள்ளைச் சதை வரும்வரை சீவிவிடலாம், நடுவரை போயிருந்தால் கன்றைக் கைவிடுங்கள். சதைக்குள் செம்பழுப்பாகப் புள்ளிகளோ வளையமோ தெரிந்தால் வாடல் நோய்ப் பூஞ்சை. அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அந்தக் கன்றை எங்கேயும் நடக் கூடாது. இன்னொன்று முடிக்கொத்து நோய். இது கிழங்கைப் பார்த்தால் தெரியாது, தாயைப் பார்க்க வேண்டும். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இலைக்காம்பிலும் நரம்பிலும் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக விட்டு விட்டு ஓடும். இது வைரஸ், அசுவினி பரப்புவது. தாய்க்கு வந்துவிட்டால் அந்தத் தூரில் உள்ள கன்று எல்லாவற்றுக்கும் வந்ததாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட தாயைப் பிரித்தால் நாம் பெருக்குவது நோயை. நண்பருக்குக் கன்று கொடுப்பதானாலும் மண்ணைக் கழுவிவிட்டுக் கிழங்கை மட்டும் கொடுங்கள்.

பிறகு மேலே உள்ள விரிந்த இலைகளை எல்லாம் வெட்டிவிடுங்கள். நடுக்குருத்து மட்டும் நிற்கட்டும். மனசு வராது, தெரியும். ஆனால் வேர் பாதி போன நிலையில் இலைகள் இழக்கிற நீருக்கு ஈடு கொடுக்க அந்தக் கிழங்கால் முடியாது. வளர்நுனி கீழே பத்திரமாக இருக்கிறது, பயமில்லை. வெட்டுக்காயத்தில் சாம்பல் தடவுகிறவர்கள் உண்டு, பூஞ்சைக்கொல்லித் தூள் தூவுகிறவர்களும் உண்டு. நான் எதுவும் செய்வதில்லை. நிழலில், காற்றோட்டத்தில் ஒரு நாள் கிடத்தி வைப்பேன், காயம் தானே உலர்ந்துவிடும்.

மண் கலவைக்குப் பெரிய சூத்திரம் இல்லை. மண், மக்கிய எரு, பரும்மணல் மூன்றும் சமமாக. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்க வேண்டும், அவ்வளவுதான். தொட்டி கிழங்கைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் வெகுநாள் ஈரமாகவே கிடந்து புளிக்கும். கிழங்கு முழுதும் மறைந்து, மேலே இரண்டு விரற்கடை மண் இருக்கும்படி நட்டு, ஆடினால் ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டுங்கள். முதல் நாள் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர். அதற்குப் பிறகு மேல்மண் காயும்வரை தொடாதீர்கள். இலையில்லாத கன்று தண்ணீர் குடிக்காது. வாடுகிறதே என்று ஊற்றுகிறோம், அது அழுகுகிறது. பிரித்த கன்று காய்ந்து செத்து நான் பார்த்தது குறைவு, குளிப்பாட்டிக் கொன்றதுதான் அதிகம். உரமும் இப்போது வேண்டாம். புது இலை இரண்டு வந்த பிறகு கொடுக்கலாம். முதலில் வரும் இலை அரைகுறையாக, நுனி வெட்டுப்பட்டு வரும். நோய் என்று பதற வேண்டாம், குருத்தாக இருந்தபோது நம் கத்தி பட்ட இலை அது.

இலையில் வெள்ளையும் பச்சையும் கலந்த வாழை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் எல்லாக் கன்றும் தாயைப் போல இருக்காது. எந்தத் திசுவிலிருந்து முளைத்ததோ அந்த நிறம். முழுப்பச்சையாக வரும் கன்று நன்றாக வளரும், கோலம் இருக்காது. முழுவெள்ளை பார்க்கப் பிரமாதம், ஆனால் பச்சையமே இல்லாததால் தாயைப் பிரிந்தால் பட்டினி. இரண்டும் கலந்த கன்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

என்செட் வாழை வைத்திருப்பவர்கள் கன்றுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். செந்நிற இலையோடு பிரம்மாண்டமாக நிற்குமே, அதுதான். வாழை போல இருந்தாலும் வேறு பேரினம், தானாகப் பக்கக்கன்று விடுவது அபூர்வம். எத்தியோப்பியாவில் அதைக் கிழங்குக்காகப் பயிரிடுகிறார்கள். அவர்கள் தண்டை வெட்டி, கிழங்கின் நடுவிலுள்ள வளர்நுனியைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதைத்து வைப்பார்கள். தலை போனதும் சுற்றிலும் தூங்கிக்கொண்டிருந்த முளைகள் கிளம்பி வரும். வீட்டில் செய்யலாம், ஆனால் தாயை இழக்கத் துணிய வேண்டும். நான் இன்னும் துணியவில்லை.

ஒரு கன்றா, அதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். 1830 வாக்கில் இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகைக் கண்ணாடி வீட்டில், ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டத் தலைவர் ஒரு குட்டை வாழையை அழகுக்கும் ஆர்வத்துக்குமாக வளர்த்தார். 1835 நவம்பரில் அது பூத்தது. மாளிகையின் உரிமையாளரான டெவன்ஷர் பிரபுவின் குடும்பப் பெயர் கேவண்டிஷ், வாழைக்கும் அதுவே பெயரானது. அதன் கன்றுகளைப் பிரித்துப் பாதிரியார் ஒருவர் கப்பலில் பசிபிக் கடலின் சமோவா தீவுவரை கொண்டுபோனார். விதையில்லாத வாழை, கிழங்கு ஒன்றைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

கடைசியாக, நட்டு ஒரு வாரம் ஆகியும் எந்த அசைவும் இல்லை, இருக்கிறதா போய்விட்டதா என்று தவிப்பவர்களுக்கு. தோண்டிப் பார்க்காதீர்கள், புதிதாக விட்ட வேர் அறுந்துவிடும். கூரான கத்தியால் தண்டின் உச்சியைக் குறுக்கே ஒரு விரற்கடை சீவுங்கள். வட்டம் வட்டமாக மட்டை அடுக்கு தெரியும். அப்படியே விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து வாருங்கள். சீவிய முகம் சமமாகவே இருந்து, பழுப்பேறி, மோந்தால் புளித்த வாடை அடித்தால் ஆசையை விட்டுவிடலாம். வெளி வட்டங்கள் வெட்டிய மட்டத்திலேயே நிற்க, நடு வட்டம் மட்டும் வெளிர்பச்சையாக மேலே கொஞ்சம் எழும்பியிருந்தால், கிழங்கு கீழே வேலையைத் தொடங்கிவிட்டது. தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு உள்ளே போகலாம்.

வணக்கம்.