இலாபம் வந்தது சரி, எந்த வழியாக வந்தது?

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பொதுத்துறை வங்கிகளின் இன்றைய இலாபம் அவற்றின் திறமைக்குச் சான்றா என்பது தலைப்பு. சான்றுதான் என்று எதிரணியின் முதல் பேச்சாளர் முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். 2017-18இல் 85,000 கோடி ரூபாய் நட்டம், 2023-24இல் 1.41 லட்சம் கோடி ரூபாய் இலாபம், கொடுத்த கடனில் நூற்றுக்கு 14.6 ஆக இருந்த வாராக்கடன் ஏறத்தாழ 3.5 ஆகிவிட்டது என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், எண்கள் சரியானவை என்பதால். அந்த இலாபம் எந்த வழியாக வந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவே இல்லை.

அந்த வாராக்கடன் எப்படிக் குறைந்தது? வசூலித்தும் குறைக்கலாம், கணக்கிலிருந்து நீக்கியும் குறைக்கலாம். 2014-15 முதல் 2022-23 வரை வணிக வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய கடன் சுமார் 14.5 லட்சம் கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே தந்த விடை இது. அதில் பாதி பெருந்தொழில் நிறுவனங்களின் கடன். தோற்ற மாணவர்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டு, எங்கள் பள்ளியில் எல்லோரும் தேர்ச்சி என்று தட்டி வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

"நீக்குவது கணக்குக்காகத்தான், வசூல் தொடர்கிறது" என்று எதிரணியில் ஒருவர் எழுந்து சொல்வார். சொல்லட்டும், அது உண்மைதான். தொடர்ந்த வசூலில் கிடைத்தது எவ்வளவு? அதே காலத்தில், நீக்கப்பட்ட கடன்களிலிருந்து மீண்டு வந்தது சுமார் 2 லட்சம் கோடி ரூபாய். மீதி எங்கே ஐயா?

அந்தப் பள்ளத்தை நிரப்பியவர்கள் யார் தெரியுமா? நீங்களும் நானும். 2016-17 முதல் ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகளுக்குச் சேர்ந்த அரசு மூலதனம் 3 லட்சம் கோடி ரூபாயை ஒட்டியது. வரி கட்டியவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதமாவது வந்ததா? வரவில்லை. குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்ற அபராதக் குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வந்தது.

அடுத்து வட்டி. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி. 2022 மே மாதம் வரை 4 விழுக்காடாக இருந்த அதை ரிசர்வ் வங்கி ஒரே ஆண்டுக்குள் 6.5 ஆக்கியது. வீட்டுக்கடன்காரரின் வட்டி உடனே ஏறிவிட்டது. 2019 அக்டோபருக்குப் பின் வாங்கிய கடன் என்றால் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டிய கடன், தப்ப வழியில்லை. வைப்புத்தொகை போட்டவரின் வட்டி மட்டும் ஆடி அசைந்து ஏறியது. அந்த இடைவெளி வங்கியின் வருமானம். மும்பையில் ரிசர்வ் வங்கி எடுத்த முடிவுக்கு உள்ளூர்க் கிளை மேலாளரின் திறமை என்று பெயர் சூட்டலாமா?

நான் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கவில்லை. 2016இல் வந்த திவால் சட்டம் கடன் வாங்கியவர்களுக்கு அச்சத்தைக் கொடுத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஆண்டின் எண்ணை நம்பி ஏமாந்த கதை நமக்கு ஏற்கெனவே உண்டு. 2015 மார்ச்சில் இதே வங்கிகள் காட்டிய வாராக்கடன் ஏறத்தாழ 5 விழுக்காடு. ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, வங்கிகள் கொடுத்த கடன்களின் உண்மை நிலையைச் சோதிக்கும் சொத்துத் தர ஆய்வு அந்த ஆண்டு தொடங்கியது. மூன்றே ஆண்டில் 5 என்பது 14.6 ஆனது. இடையில் பூகம்பமா வந்தது? இல்லை. மின்சாரத்துக்கும் எஃகுக்கும் சாலைக்கும் நல்ல காலத்தில் வாரி வழங்கிய கடன், தவணையையும் நிபந்தனையையும் தளர்த்தித் தரும் மறுசீரமைப்பு என்ற போர்வைக்குள் படுத்திருந்தது. ஆய்வாளர் போர்வையை விலக்கினார், அவ்வளவுதான். கடன் கொடுத்த ஆண்டுகளில் அந்த வங்கிகளும் இலாபம் காட்டியவைதானே!

பிறகு திறமையை எதைக் கொண்டு அளப்பது? சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1906இல் ஆர்பத்நாட் வங்கி கவிழ்ந்து பலருடைய சேமிப்பு மூழ்கிய பிறகு, 1907இல் பிறந்தது இந்தியன் வங்கி. அதுவே 1995-96இல் 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நட்டமடைந்து, மூடிவிடலாம் என்ற பேச்சு அடிபடும் நிலைக்குப் போனது. அரசு அதற்கும் பணம் போட்டது. ஆனால் அதோடு நிற்கவில்லை. 2000இல் தலைமைக்கு வந்த ரஞ்சனா குமார் காலத்தில் நட்டக் கிளைகள் இணைக்கப்பட்டன, விருப்ப ஓய்வு தரப்பட்டது, வங்கி இலாபத்துக்குத் திரும்பியது. எதிரணி இதைத் தங்கள் பக்கத்துக்கு இழுக்கலாம். இழுப்பதற்கு முன் 2017-18ஐப் பார்க்கட்டும். அப்போது பொதுத்துறை வங்கிகள் 21. அந்த ஆண்டு இலாபம் காட்டியவை இரண்டே இரண்டு: விஜயா வங்கி, இந்தியன் வங்கி. எல்லோரும் வழுக்கிய ஆண்டில் காலூன்றி நின்றதே, அதை நான் திறமை என்பேன். எல்லோரும் சம்பாதித்த ஆண்டில் தானும் சம்பாதித்ததை எப்படி ஐயா அந்தக் கணக்கில் சேர்ப்பது?

மணி அடிக்கிறது, முடித்துவிடுகிறேன். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, அடமானமில்லாத தனிநபர் கடன்கள் அளவுக்கு மீறி வளர்கின்றன என்று கவலைப்பட்டு, அவற்றுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தைக் கூட்டியது. எதிரணி கொண்டாடும் அந்த இலாப ஆண்டின் நடுவில்தான் இது நடந்தது. எனவே அடுத்துப் பேச வரும் நண்பருக்கு ஒரே கேள்வி: 1.41 லட்சம் கோடியை ஈட்டிய அந்த ஆண்டில் கொடுத்த கடன்களில் எத்தனை திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியுமா?