டேப்பை எடுப்பதற்கு முன்

பள்ளிகளில் விளையாட்டுத் திடல் அமைக்க அடுத்த மாதம் உகாண்டாவுக்குக் கிளம்பும் நண்பர்களே, வணக்கம்.

ஊஞ்சல் எத்தனை, சறுக்குமரம் எவ்வளவு உயரம், என்ன வண்ணம் என்று இப்போதே வரைந்து வைத்திருக்கிறீர்கள். அந்த ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தத் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

ஜின்ஜா, விக்டோரியா ஏரியிலிருந்து நைல் நதி புறப்படும் ஊர். அந்தப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கு முதல்முறை போனபோது, செம்மண் மைதானத்தின் ஓரத்தில் பெரிய மாமரம் ஒன்றைப் பார்த்தேன். நல்ல நிழல். உடனே டேப்பைப் பிடித்து அளந்து, ஊஞ்சலுக்கு இதுதான் இடம் என்று முளை அடித்தேன். தலைமை ஆசிரியை தடுக்கவில்லை. "இடைவேளை வரை இருந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

மணி அடித்ததும் பெண்பிள்ளைகள் நேராக மரத்தடிக்குத்தான் ஓடிவந்தார்கள். இரு பக்கமும் நிற்பவர்கள் பந்தை எறிய, நடுவில் இருப்பவள் வளைந்து நெளிந்து தப்பிக்க வேண்டும். க்வெபேனா என்று பெயர். பந்து, வாழைநாரைச் சுருட்டிக் கட்டியது. என் முளை அவர்களுடைய ஆடுகளத்தின் நட்டநடுவில் நின்றது. ஒரு சிறுமி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுற்றிக்கொண்டு ஓடினாள். அப்போதே பிடுங்கிவிட்டேன். விளையாட்டே இல்லாத இடத்துக்கு விளையாட்டைக் கொண்டுபோகிறோம் என்று நினைத்திருந்தேன். அது தவறு.

பெரிய பணமும் இப்படித் தவறியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த பிளேபம்ப் என்ற ராட்டினத்தைக் குழந்தைகள் சுற்றினால், நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும். கேட்கவே இனிமையான யோசனை! 2006-இல் அமெரிக்காவில் அதற்கென 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார்கள். சொன்ன அளவு தண்ணீர் கிடைக்கக் குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டும் என்று 2009-இல் பிரிட்டன் நாளிதழ் தி கார்டியன் கணக்குப் போட்டுக் காட்டியது. மொசாம்பிக்கில் பல இடங்களில் குழந்தைகள் விளையாடவில்லை. பெண்கள்தான் குனிந்து நின்று கையால் தள்ளினார்கள்.

சரி, போய் எதையெல்லாம் பார்ப்பது? கழிப்பறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பிள்ளைகள் ஓடும் தடத்தைப் பாருங்கள். அதன் குறுக்கே ஊஞ்சல் ஆடக்கூடாது. மதிய வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். தகரச் சறுக்குமரம் தொடையைச் சுட்டுவிடும். ஏணிப் படிகளுக்கு நடுவே 9 முதல் 23 சென்டிமீட்டர் வரை சந்து இருந்தால் உடம்பு நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். பழைய டயர் வைத்தால் அடியில் ஓட்டை போடுங்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் கொசு வரும். மரத்தூண் நட்டால் கரையான் விடாது.

அப்புறம், உள்ளூர் வெல்டரைப் பாருங்கள். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இன்னொரு பள்ளியில், யாரோ நல்ல மனதோடு கட்டித் தந்த ஊஞ்சல் சட்டம் மட்டும் நிற்கிறது. சங்கிலி அறுந்தபின் அதே அளவு அந்த ஊரில் கிடைக்கவில்லை. பிள்ளைகள் அந்தக் கம்பியில் தொங்குகிறார்கள்.

அதனால் நாங்கள் கொண்டுபோன சங்கிலியை வெல்டரிடம் முதலிலேயே காட்டினோம். கையில் வாங்கி ஒரு வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது அறுந்தால் எங்கே போவேன்?" என்றார். அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, அவர் பட்டறைக்கு எதிர்க்கடையில் தொங்கியதையே வாங்கினோம். ஊஞ்சல் இப்போது வகுப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. மாமரத்தடியில் க்வெபேனா நடக்கிறது.