ராத்திரி வர்ற மேல்வயித்து வலி: கேஸா, பித்தப்பைக் கல்லா?

[காட்சி: கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், காலை நேரம்]

கல்யாண வீட்டுல பிரியாணி சாப்பிட்டுட்டு வந்து படுக்கிறீங்க. நடு ராத்திரியில, வலது விலா எலும்புக்குக் கீழேயோ நெஞ்சுக்குழியிலயோ பிடிச்சு இழுக்குது. வலி முதுகுக்குப் போகுது, வலது தோள்பட்டைக்கு ஏறுது. குமட்டுது. புரண்டு படுத்தாலும் அடங்கலை. ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தானா விட்டுடுது. காலையில, "கேஸ்தான்"னு ஒரு சோடா குடிச்சுட்டு வேலைக்குக் கிளம்பிடுறோம்.

இப்படித் திரும்பத் திரும்ப வந்தா தயவுசெய்து கேஸ் மாத்திரையோட நிறுத்தாதீங்க. பித்தப்பையைப் பார்க்கணும். வலியோட நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இருந்தா, முதல்ல ஈசிஜி.

[படம்: கல்லீரல், அதுக்கு அடியில பித்தப்பை]

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் பித்தநீர் சுரக்குது. அதைச் சுண்ட வெச்சு, 50 மில்லி அளவுக்குச் சேர்த்து வைக்கிறது இந்தச் சின்னப் பை. எண்ணெய்ச் சாப்பாடு குடலுக்கு வந்ததும் பை சுருங்கி பித்தநீரை அனுப்பும். அந்த நேரம் உள்ளே இருக்கிற கல் வாசல்ல போய்ச் சிக்கினா, பை சுருங்கச் சுருங்க வலிதான்.

பெரும்பாலும் இது கொலஸ்ட்ரால் கல். நாப்பது வயசு தாண்டின பெண்கள், பல பிள்ளை பெத்தவங்க, உடம்பு போட்டவங்க, சர்க்கரை உள்ளவங்களுக்கு அதிகம் வரும்.

ஆனா கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னொரு காரணமும் இருக்கு. சிக்கிள் செல்ங்கிற பரம்பரை ரத்த நோய். இந்தியாவுலயே இது முதன்முதலா 1952-ல பதிவானது நம்ம நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்டதான். இந்த நோய்ல சிவப்பணுக்கள் 120 நாள் வாழாம, சில வாரத்துக்குள்ளேயே உடைஞ்சுடும். அதுல இருந்து வர்ற பிலிரூபின்ங்கிற மஞ்சள் நிறமி பித்தநீர்ல சேர்ந்து கறுப்புக் கல்லா இறுகும். அதனால ஒல்லியான பிள்ளைக்கும், எண்ணெயே தொடாத பிள்ளைக்கும் கல் வரலாம். அந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணு லேசா மஞ்சளா இருக்கிறது வீட்டுக்குப் பழகியிருக்கும். வழக்கத்தைவிட மஞ்சள் கூடி, வயித்து வலியும் சேர்ந்தா உடனே காட்டணும். ஆபரேஷன்னா, மயக்க மருந்து கொடுக்கும் முன்னாடியே சிக்கிள் செல் இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

[காட்சி: ஸ்கேன் அறை]

கண்டுபிடிக்கிறது சுலபம். வயித்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். எக்ஸ்ரேயில பெரும்பாலான கல் தெரியாது. ஸ்கேனுக்கு ஆறு மணி நேரமாவது சாப்பிடாம போங்க. வழியில பால் டீயும் வர்க்கியும் சாப்பிட்டா பை சுருங்கிடும், சரியாத் தெரியாது.

வாழைத்தண்டுச் சாறு குடிச்சா கல் கரையும்னு சொல்வாங்க. அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்ற வைத்தியம். பித்தப்பைக்கு அந்தச் சாறு போய்ச் சேரவே சேராது. எண்ணெயையும் எலுமிச்சைச் சாறையும் குடிச்சா பச்சையா வெளியே வர்றது கல் இல்லை, குடிச்ச எண்ணெய் குடல்ல சோப்பு மாதிரி உறைஞ்சது.

ஸ்கேன்ல கல் இருந்து, வலியே வந்ததில்லைன்னா பயப்பட வேண்டாம். பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாது.

[திரையில் சிவப்பு எழுத்து: காத்திருக்க வேண்டாம்]

அஞ்சு மணி நேரத்துக்கு மேல விடாத வலி, குளிர் காய்ச்சல், கண்ணுல மஞ்சள் (சிக்கிள் செல் உள்ளவங்களுக்கு வழக்கத்தைவிடக் கூடின மஞ்சள்), கட்டன் சாயா, அதாவது பால் விடாத டீ நிறத்துல சிறுநீர், வெளிறின மலம். இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. கல் பித்தக்குழாய்ல இறங்கினா கணையம் வீங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

தடுக்க என்ன செய்யலாம்? வெறும் வயித்துல கட்டன் சாயா குடிச்சுட்டு மதியம் வரைக்கும் கொழுந்து பறிக்கிற அக்காமார், காலையில ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்க. பட்டினி கிடந்தா பித்தநீர் பையிலேயே தேங்கும். கீரை, பயறு, நம்ம ஊர் கேரட், பீன்ஸ் தாராளமாச் சேர்த்துக்கோங்க. எடை குறைக்கிறவங்க வாரம் ஒரு கிலோவுக்கு மேல குறைக்காதீங்க. வேகமா இளைச்சாலும் கல் வரும். சிக்கிள் செல் கல்லை மட்டும் சாப்பாட்டால தடுக்க முடியாது. அவங்களுக்கு எப்போ ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

வலி கொடுக்கிற கல்லுக்கு நல்ல தீர்வு, சின்னத் துளை போட்டுப் பையையே எடுத்துடறது. பை இல்லாம நல்லா வாழலாம். கல்லீரல்ல இருந்து பித்தநீர் நேரா குடலுக்குப் போயிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஆஸ்பத்திரியில காட்டிக் கேளுங்க. வலி வந்து போயிட்டிருந்தா, ஜூன் மழையில மரம் சாஞ்சு மலைப்பாதை அடைபடறதுக்கு முன்னாடியே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிடுங்க.