ஊர் கூடித் தேர் இழுப்போம்: புற்றுநோய்க்கு எதிராக ஒலியும் நம் உடம்பும்

தலைவர் அவர்களே, ஆன்மீக அதிதியாக வந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, வைத்திய அதிகாரி அவர்களே, வாசிகசாலைக்குக் காணி தந்த குடும்பத்துப் பெரியவர்களே, பின்னால் நிற்கும் உயர்தர மாணவச் செல்வங்களே, அடுப்பு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் மாதர் சங்கத்துத் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடியில் இந்த மேடையைத் தந்ததற்கு நன்றி.

மூன்று விடயம் சொல்ல வந்தேன். ஒலியால் புற்றுக்கட்டியை உடைப்பது ஒன்று. உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியை எழுப்புவது இரண்டு. இந்தச் சிகிச்சை நமக்கு எப்போது கிடைக்கும் என்பது மூன்று.

கர்ப்பிணித் தாய்மாருக்கு ஸ்கான் எடுக்கிறார்களே, அதே கழியொலிதான். செக்கனுக்கு 20,000 தடவைக்கு மேல் அதிர்வதால் நம் காதுக்குக் கேட்காது. அதைக் கட்டிக்குள் ஒரே புள்ளியில் குவித்துத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தினால் நுண்குமிழிகள் பொங்கி உடையும். கட்டியின் கலங்கள் கூழாகிப்போகும். கத்தியும் இல்லை, சூடும் இல்லை. ஹிஸ்டோட்ரிப்சி என்று பெயர்; மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை. ஈரல் கட்டிகளுக்கு 2023 ஒக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, உடைந்த துண்டுகள் என்னவாகின்றன? நோயெதிர்ப்புக் கலங்கள் அவற்றைப் பார்த்து எதிரியின் அடையாளத்தைப் படித்துக்கொள்கின்றன. ஆனால் சண்டைக்குப் போகும் டி கலம் என்ற நோயெதிர்ப்புக் கலத்தை, அதன் மேலிருக்கும் பிடி-1 என்ற புரதம் மறித்துவிடுகிறது. கொக்கட்டிச்சோலையில் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும்: எத்தனை கை இழுத்தாலும் சில்லுக்கு முட்டுக்கட்டை கிடந்தால் தேர் அசையாது. இப்படியான முட்டுக்கட்டைகளை எடுக்கும் மருந்துகளுக்கு வழி காட்டியவர்கள் ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹொன்ஜோவும். 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். மருந்து மட்டும் பலருக்குப் பலன் தருவதில்லை. ஒலியையும் சேர்த்தபோது, ஒலி படாத கட்டிகளும் எலிகளில் சுருங்கின. மனிதர்களில் ஆய்வு நடக்கிறது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேணும்!

எங்கள் பெரியப்பா ஒருவர், படுவான்கரைப் போடியார், பெரிய வயல்காரர். வெற்றிலை வட்டா இல்லாமல் வரம்பில் கால் வைக்கமாட்டார். பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து, புகையிலையைக் கொடுப்புக்குள் அடக்கினால் பகல் முழுக்க அதுதான். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் திட்டு வந்தது. "ஒருக்கா ஆசுபத்திரியில காட்டுங்க" என்றார் பெரியம்மா. "நோகாத புண்ணுக்கு என்னத்துக்கு டாக்குத்தர்?" என்றுவிட்டுப் பாக்குவெட்டியை எடுத்தார். அப்புறம் உறைப்பு எரிந்தது. பெரியம்மா கறியில் மிளகாயைக் குறைத்தார். வாய் ஒடுங்கியது. சூடு அடித்த அன்று களத்தில் எல்லோரும் சோற்றை உருட்டிப் போட, அவர் மட்டும் இரண்டு விரலால் பருக்கை பருக்கையாகத் தள்ளிக்கொண்டிருந்தார். கேட்டோம். "பல்லுக் குத்துது" என்றார். இரவு பஸ்ஸில் மகரகமைப் புற்றுநோய் ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனபோது கட்டி கழுத்துக்கு இறங்கிவிட்டது. சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் செய்தார்கள். அடுத்த பெரும்போகத்துக்கு அவர் இல்லை.

இலங்கை ஆண்களுக்கு மிக அதிகமாக வருவது வாய்ப்புற்றுநோய். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்டது. மூன்றாவது விடயத்தை இன்னொரு மேடையில் பேசுகிறேன். இது அதைவிட அவசரம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேணும் என்பதை இதற்கும் சொல்கிறேன்.

தாய்மார்களே, கலியாண வீட்டு வட்டாவில் வெற்றிலையை மட்டும் வையுங்கள். மரியாதை குறையாது. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ கண்டால், நோகாவிட்டாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வைத்திய அதிகாரி ஐயா, வருகிற திருவிழாவில் வாய்ப் பரிசோதனைக்கு ஆட்களைத் தாருங்கள். கொட்டகை போடுவதை வாசிகசாலை ஏற்கும் என்று இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் எடுக்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.