சீசர் வேண்டாம் என்ற சாணக்கியன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேருவின் அரசியல் சிந்தனையில் ஓங்கி நிற்பது தலைவனின் செல்வாக்கா, குடிமக்களின் விழிப்பா? விழிப்புதான்!

1937 நவம்பர். கல்கத்தாவுல இராமானந்த சட்டர்ஜி நடத்துன 'மாடர்ன் ரிவியூ' பத்திரிகையில ஒரு கட்டுரை. எழுதுனவர் பேரு சாணக்கியா. யாரைப் போட்டு வாங்குறாரு? காங்கிரஸ் தலைவர் நேருவை! கூட்டம் ஜே போடுது, இவர் கை கூப்புறாரு, சிரிக்கிறாரு. இது இயல்பா, நடிப்பான்னு கேக்குறாரு. கர்வம் ஏறிப்போச்சு, கொஞ்சம் பிசகினா சர்வாதிகாரி ஆயிடுவாரு, மறுபடியும் தலைவராக்காதீங்க, நமக்குச் சீசர்கள் வேண்டாங்கிறாரு.

யாருய்யா இந்தச் சாணக்கியா? என்னா தைரியம்! நேருவையே இப்படி எழுதுறானே, யாரா இருக்கும்? இருங்க, கைதட்டலை மிச்சம் வைங்க. சாட்சாத் ஜவாஹர்லால் நேருவேதான்!

எதிரணி நண்பர் கிண்டலடிச்சாரு: "எனக்கெதுக்கு மாலைன்னு சொல்லிக்கிட்டே கழுத்தை நீட்டுற பெரிய மனுஷன் மாதிரி, இதுவும் ஒரு விளம்பரம்" அப்படின்னு. ஐயா, கழுத்தை நீட்டினாருன்னே வச்சுக்குவோம். மாலை எங்க விழுந்துச்சு? 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவர் யாரு? சுபாஷ் சந்திர போஸ்! விளம்பரம் கொடுத்தவர் கடையில வியாபாரமே நடக்கலியே!

நல்ல எஜமானாவே இருக்கட்டும், அவன் தயவுல வாழுறவன் சுதந்திர மனுஷன் இல்ல. அந்த எஜமான் நானாவே இருந்தாலும் நம்பாதீங்கன்னு சொன்னவர் நேரு. 1959-ல மக்கள் ஓட்டுப் போட்டு வந்த கேரள ஆட்சியைக் கலைச்சாரேன்னு கேப்பீங்க. அதைப் பேச வேண்டியது எதிரணி. அவங்க வேலையை நான் ஏன் பாக்கணும்?

தாய்மார்களே, குடிமக்கள் விழிப்புன்னா என்னன்னு ஒண்ணு சொல்றேன். முதல் பொதுத்தேர்தல், 1951-52. வட மாநிலங்கள்ல லட்சக்கணக்கான பெண்கள் வாக்காளர் பட்டியலுக்குத் தன் பேரைச் சொல்லல. இன்னார் பொண்டாட்டி, இன்னார் அம்மான்னுதான் சொன்னாங்க. தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒத்துக்கல. ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியல்ல இல்லாமப் போனாங்க. பேரைச் சொல்லவே கூசுன அம்மா ஐயா அவ! நாள் பூரா பிள்ளைங்க பேரைக் கூப்பிட்டவ, தன் பேரைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்க்கலியே அவளுக்கு!

மணி அடிக்காதீங்க நடுவரே, முடிச்சிடுறேன். அடுத்த தேர்தலுக்கு அவங்கள்ல எத்தனையோ பேர் தலை நிமிர்ந்து வந்து சொந்தப் பேரைச் சொன்னாங்க. அந்த ஒவ்வொரு பேருக்காகவும் கேக்குறேன், தீர்ப்பை எங்க பக்கம் சொல்லுங்க!