கழுத்தில் மாட்டாமல் கிடக்கும் அழைப்புப் பொத்தான்

நேயர்களுக்கு வணக்கம். முதுமையில் தனித்து வாழ்வோருக்கான கருவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பட்ரீஷியா மூர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரையே நான் முதலில் நினைத்துக்கொள்வேன். குளிர்பதனப் பெட்டியின் கதவை மூட்டுவலி உள்ளவரும் எளிதாகத் திறக்கும்படி அமைக்கலாமே என்று அவர் தம் பணியிடத்தில் கேட்டபோது, அப்படிப்பட்டவர்களுக்காக நாம் வடிவமைப்பதில்லை என்ற பதில் கிடைத்தது. அதை ஏற்க மனம் வராத அந்த இளம்பெண், 1979ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ மூன்றாண்டுகள், எண்பதைக் கடந்த மூதாட்டியாக வேடம் பூண்டு, பார்வையை மங்கச் செய்து, செவிகளை அடைத்து, மூட்டுகளை மடங்கவிடாமல் கட்டிக்கொண்டு, வட அமெரிக்காவின் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் உலவினார். படியும் கதவும் பேருந்தும் அந்த உடலுக்கு எப்படியிருக்கின்றன என்பதை அவர் கேட்டறியவில்லை, பட்டறிந்தார். வேடம் கலைத்தால் இளமை திரும்பிவிடும் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆகவே முதியோரையே வடிவமைப்பு மேசைக்கு அழைப்பது அதனினும் சிறந்தது.

அழைக்காவிட்டால் என்ன ஆகும்? முதுமையில் செவித்திறன் மங்கும்போது பெரும்பாலும் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன்தான். ஆனால் வீட்டுப் புகை எச்சரிப்பான்கள் பலவும் ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸ் அளவிலேயே கீச்சிடுகின்றன. 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி, கேள்வித்திறன் குறைந்தவரை உறக்கத்திலிருந்து எழுப்புவதில் அதைவிடச் சிறந்தது எனத் தெரிந்த பிறகும் இதே நிலைதான்.

விழுந்தால் உதவிக்கு அழைக்கும் பொத்தானைப் பாருங்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொண்ணூறு வயதைக் கடந்தோரிடம் நடத்தி, 2008இல் வெளியிட்ட ஆய்வில், விழுந்தவர்கள் நெடுநேரம் தரையில் கிடக்க நேர்ந்த பெரும்பாலான வேளைகளில், அழைப்புக் கருவி இருந்தும் அது பயன்படவில்லை. மீண்டும் சொல்கிறேன், கருவி இருந்தது. பிறருக்குத் தொல்லை தரலாகாது என்ற எண்ணமும், தாமே எழுந்துவிடலாம் என்ற தன்மானமும், இயலாமையின் அடையாளத்தைக் கழுத்தில் சுமக்கும் கூச்சமும் பொறியியல் சிக்கல்களே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். தவறுதலாக அழுத்திவிட்டால் கடிந்துகொள்ளாத மறுமுனைக் குரல், எவரும் அணியத் தயங்காத கைக்கடிகார வடிவம், குளியலறையிலும் கழற்ற வேண்டாத நீர்புகா அமைப்பு ஆகியவற்றில் அந்தச் சிக்கல்களுக்குத் தீர்வு தேடலாம்.

வீட்டுக்குள் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் உணரிகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்த அறையில் எது பொருத்தப்படுகிறது, அதன் தகவல் யாரிடம் செல்கிறது என்பதை அங்கு வாழ்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, அதை நிறுத்திவைக்கும் விசையையும் அவர் கையிலேயே கொடுங்கள். நன்றி, வணக்கம்.