உதடு கூடுவது ஏழாவது வாரத்துக்குள்

வணக்கம். கொஞ்ச நாள் முன்னால் ஒரு பெண் 20 நாள் குழந்தையோடு வந்தார், குழந்தையின் வாயை முந்தானையால் மூடியே வைத்திருந்தார். நான் எதுவும் கேட்கும் முன்பே மாமியார் ஆரம்பித்துவிட்டார்: "கிரகணத்தன்னைக்கு அரிவாள்மனையில காய் நறுக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் டாக்டர், கேட்டாளா?"

அந்தப் பெண் நிமிரவே இல்லை. துணியை விலக்கினால் மேலுதட்டில் இடது பக்கம் பிளவு, மூக்குத் துவாரம் வரைக்கும். "கிரகணம் வந்தப்போ எத்தனை மாசம்மா?" என்று கேட்டேன். ஏழு என்றார்.

ஏழாம் மாதம்! உதடு கரு தரித்த 4 முதல் 7 வாரத்துக்குள் கூடிவிடும், மேலண்ணம், அதாவது வாயின் மேல்கூரை, 12 வாரத்துக்குள். முகத்தின் இரண்டு பக்கமும் வளர்ந்து வந்து நடுவில் ஒட்ட வேண்டும், ஒட்டாத இடம்தான் பிளவு. நாள் தள்ளிப்போனதையே பலர் கவனிக்காத நேரம் அது, அதற்குப் போய் அந்தப் பெண்ணை இத்தனை நாள் அழவைத்திருக்கிறார்கள்.

சரி, பின்னே ஏன் வருகிறது? உலகத்தில் ஏறக்குறைய 700 பிரசவத்துக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது, பெரும்பாலும் ஒரே காரணம் என்று கைகாட்ட முடியாது. ஐஆர்எஃப்6 என்ற மரபணு பழுதானால் பரம்பரையாக வரும் ஒரு வகை உண்டு, அதில் கீழுதட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், அதனால் அப்பா அம்மா இருவரின் கீழுதட்டையும் நான் பார்க்காமல் விடுவதில்லை. ஆனால் மரபணு மட்டுமே என்றால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் இருவருக்கும் வர வேண்டுமே? பல சமயம் ஒருவருக்குத்தான் வருகிறது. தாய் புகைப்பது, மது, முன்பே இருக்கும் சர்க்கரை நோய், வலிப்புக்கான வால்புரோயேட், டோபிராமேட் போன்ற மாத்திரைகள், இவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அதற்காக வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம்.

ஃபோலிக் அமில மாத்திரையும் அப்படித்தான், கரு தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பதில் அதன் பலன் உறுதியானது, உதட்டுப் பிளவில் அந்த அளவு உறுதி இல்லை, இருந்தாலும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

"அடுத்ததுக்கும் வருமா?" அந்தப் பெண் அப்போதுதான் பேசினார். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையென்றால் 100-க்கு 2 முதல் 5 பேருக்குத்தான், மற்றவர்களுக்கு வராது என்றேன். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்த மாத்திரை எங்க கெடைக்கும் டாக்டர்?"